அப்பாவின் மணிவிழாவும் ஒரு கோடை விடுமுறையும்: குடும்பப் பயணத்தை ஏற்பாடு செய்யும் முறை

வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால், கோடை விடுமுறைக்கான ஏற்பாடுகள் எல்லாம் மெல்ல மெல்ல அவள் கைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. 2025 கோடையில் எனக்கும் அப்படித்தான் வந்தது. வைகாசியில் அப்பாவுக்கு அறுபது நிறைந்தது. அதே மாதத்தில் அக்கா மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். சென்னையிலிருந்து சின்னதும் பெரியதுமாக எட்டுப் பேர் திருக்கடையூருக்குப் போய், மயிலாடுதுறையை அடுத்த குத்தாலம் பக்கத்தில் உள்ள சித்தப்பா வீட்டில் ஒரு வாரம் தங்கித் திரும்பினோம். இதே பொறுப்பு இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ உங்கள் தலையில் விழக்கூடும் என்பதால், நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நாள், பிறகுதான் மற்றவை

சஷ்டியப்த பூர்த்தி, அதாவது அறுபது நிறையும் மணிவிழா, என்பது ஆங்கிலத் தேதியை வைத்து வருவதல்ல. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் மறுபடியும் வரும்போது, பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளே மணிவிழா நாள். அப்பா பிறந்தது 1965-இல், விசுவாவசு ஆண்டில். அதே விசுவாவசு 2025-இல் திரும்பி வந்தது. 2026 ஏப்ரல் 14 அன்று தொடங்குவது பராபவ ஆண்டு என்பதால், 1966 ஏப்ரல் நடுப்பகுதி தொடங்கி அடுத்த சித்திரைக்கு முன்பு வரை பிறந்தவர்களுக்கு அந்த ஆண்டில்தான் மணிவிழா. உங்கள் தந்தையார் சித்திரையிலோ வைகாசியிலோ பிறந்தவராக இருந்தால், பள்ளி விடுமுறையோடு நாள் பொருந்தி வருவது பெரிய வசதி.

நாள் பார்க்கும்போது இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். ஒன்று, வைகாசிக்கு 31 அல்லது 32 நாள் இருக்க, நட்சத்திரங்கள் 27 நாளில் ஒரு சுற்று வந்துவிடுவதால், சில நட்சத்திரங்கள் ஒரே மாதத்தில் இரண்டு முறை வரும். பின்னால் வருவதை எடுத்துக்கொள்வதே பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம் என்றாலும், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் புரோகிதரிடமும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றொன்று, அந்தத் தலைமுறையினரின் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி பல நேரங்களில் உண்மையான தேதி அல்ல. பள்ளியில் சேர்ப்பதற்கு வயது போதவில்லை என்று ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்ட காலம் அது. எங்கள் அப்பாவின் ஜாதக நோட்டு பாட்டியின் தகரப்பெட்டியில், பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. அதைத் தேடி எடுத்த பிறகுதான் நாள் நிச்சயமாயிற்று. ஆகவே மாசி மாதமே இந்தத் தேடலைத் தொடங்கிவிடுவது நல்லது.

ரயிலில் கவனிக்க வேண்டியவை

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் தொடங்குகிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்ததை நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் இன்னும் உண்டு. மே மாதப் பயணம் என்றால் முன்பதிவு தொடங்கும் அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். எழும்பூரிலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லப் பகலில் சோழன் விரைவு வண்டியும் இரவில் உழவன் விரைவு வண்டியும் இருக்கின்றன. சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் பகல் வண்டியைத்தான் சொல்வேன். விழுப்புரம் தாண்டி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் என்று ஊர்கள் மாறிக்கொண்டே வருவதைப் பார்த்தபடி குழந்தைகள் சலிக்காமல் வருவார்கள்.

நான் செய்த பெரிய பிழையை இங்கே சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற ஆசையில், ஒரு டிக்கெட்டில் அதிகபட்சமாக எத்தனை பேரைச் சேர்க்கலாமோ அந்த ஆறு பேரையும் ஒன்றாகவே பதிவு செய்தேன்; எனக்கும் மீதி ஒருவருக்கும் மட்டும் தனி டிக்கெட். அதுவும் ஒரு வாரம் தாமதமாக. விளைவு, 82 வயதுப் பாட்டிக்கு மேல் படுக்கை கிடைத்தது. எதிரில் இருந்த ஒரு கல்லூரி மாணவர் கேட்பதற்கு முன்பே எழுந்து தன் கீழ் இடத்தைக் கொடுத்தார். அப்படி ஒருவர் எப்போதும் அமைவார் என்று நம்பிப் பயணம் வைக்க முடியாது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த வயதுடையவர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடன் இருவராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் அது பொருந்தும். இளையவர் ஒருவரைச் சேர்த்தாலும் பொருந்தாது. எனவே பாட்டியையும் அம்மாவையும் ஒரு டிக்கெட்டில் அந்த ஒதுக்கீட்டில் போட்டு, மற்றவர்களைத் தனியாகப் பதிவு செய்வதே சரியான முறை. திரும்பி வரும்போது அப்படிச் செய்தேன், இரண்டு கீழ்ப் படுக்கைகளும் கிடைத்தன. குழந்தைகளைப் பொறுத்தவரை, ஐந்து வயது நிறையாதவர்களுக்குத் தனி இடம் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இடம் வேண்டாமென்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் அங்கேயே கொண்டாடலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், 2024 மே முதல் அங்கே செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டதையும், 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வாகனங்கள்தான் என்று அளவு வைத்ததையும் நினைவில் கொண்டு, அந்தக் கோடைக்கு என்ன விதி என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

திருக்கடையூரில்

மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனை உதைத்த தலம் என்பதால், ஆயுள் வேண்டிச் செய்யும் சாந்திகளுக்கு அமிர்தகடேசுவரர் கோயிலை விடச் சிறந்த இடம் இல்லை என்பது நம்பிக்கை. அறுபது மட்டுமல்லாமல், எழுபதில் பீமரத சாந்தியும் எண்பதில் சதாபிஷேகமும் செய்து கொள்பவர்களை அங்கே எந்த நாளிலும் பார்க்கலாம். பிரகாரத்தில் ஒரே காலையில் பல குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். ஆதலால் அமைதியான தனி விழாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான்கு பக்கமும் மந்திரமும் நாகஸ்வரமும் கேட்டுக்கொண்டே இருக்கும், அதற்கும் ஓர் அழகு உண்டு.

விழாவை நடத்தித் தரும் ஏற்பாட்டாளரிடம் பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடக் கூடாது. எத்தனை கலசம், எத்தனை குருக்கள், மாலையும் பூவும் சேர்த்தியா, நாகஸ்வரம் உண்டா, எத்தனை பேருக்குச் சாப்பாடு, தங்கும் அறை எத்தனையாவது மாடி என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. லிஃப்ட் இல்லாத விடுதியில் இரண்டாம் மாடி கிடைத்து, பாட்டியை அத்தானும் அப்பாவும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதாயிற்று. மணிவிழா மாப்பிள்ளை தன் தாயைத் தூக்கிச் சென்றதைப் பாட்டி இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள் என்றாலும், உங்கள் வீட்டில் அது வேண்டாம்.

கலசாபிஷேகத்திற்கு நிறைய நீர் ஊற்றுவார்கள். அப்பாவையும் அம்மாவையும் அருகருகே உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, கலச நீரை ஒவ்வொருவராக ஊற்றினோம். சல்லடைக் கண்களின் வழியே நீர் நூல் நூலாக இறங்கியபோது, அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடியை நான் முன்பு எப்போதும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்தால் அது வீணாகும். எளிதில் காயக்கூடிய பருத்திப் புடவையும் வேட்டியும் போதும், மாங்கல்ய தாரணத்துக்கு மாற்றிக்கொள்ளப் பட்டு தனியே இருக்கட்டும். பெரிய துண்டுகள் நான்கு, மாற்று உள்ளாடை, ஈரத்துணியைப் போட ஒரு பை ஆகியவற்றை உங்கள் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல்தரை ஈரமாகும் என்பதால் தம்பதியர் எழும்போது இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். மணிவிழா என்றால் அப்பாவுக்கு அறுபது என்றே எல்லோரும் பேசுகிறோம், ஆனால் மறுபடி தாலி ஏறுவது அம்மாவின் கழுத்தில். அந்த ஒரு வாரமாவது அம்மாவை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள். புடவையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அழைப்பவர்களின் பட்டியலில் அவர்களுடைய தோழிகளின் பெயர்களும் இருக்கட்டும்.

வெயிலைப் பார்த்து ஊர் சுற்றுதல்

அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. அந்த நாட்களில் காலை பத்து மணிக்குள் ஒன்று, மாலை நான்கரைக்குப் பிறகு ஒன்று என்று நாளுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைக்கக் கூடாது. நடுப்பகலில் வீட்டில் மோரும் வெள்ளரிக்காயும் நுங்கும் தூக்கமும்தான்.

திருக்கடையூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தரங்கம்பாடியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் அவர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-இல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்துத் தமிழில் நூல்களை அச்சிட்டதைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லலாம். கடல் அரித்துக்கொண்டிருந்த மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்க்கும்போது பெரியவர்களுக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; குளிக்க இறங்க வேண்டாம்.

பூம்புகாருக்குப் போவதானால் ஓர் எச்சரிக்கை. காவிரியில் குளிக்கலாம் என்று குழந்தைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல்தான் பாசனத்திற்குத் திறக்கப்படுகிறது. மே மாதத்தில் கடைமடையில் மணலைத்தான் பெரும்பாலும் பார்க்க முடியும். நான் வாக்குக் கொடுத்துவிட்டு, சித்தப்பாவின் பம்புசெட்டால் ஈடுசெய்தேன். உண்மையில் அந்தப் பம்புசெட்டுக் குளியல்தான் எட்டுப் பேரும் ஒன்றாகச் சிரித்த நேரம். பிச்சாவரத்தில் படகு ஏற விரும்பினால் காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் குடிநீரும் அவசியம்.

மே மாதத்தில் பிறந்த குழந்தைக்கு

கோடையில் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு மனக்குறை உண்டு. மற்றப் பிள்ளைகளைப் போலக் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வகுப்பில் சாக்லேட் கொடுக்க அவர்களுக்கு வாய்ப்பே வருவதில்லை; பள்ளி திறக்கும்போது பிறந்தநாள் பழைய செய்தியாகிவிடும். அக்கா மகள் இதை எங்களிடம் நேராகவே கேட்டாள். ஆகவே காலை ஏழு மணிக்கே புதுப் பாவாடை சட்டை கட்டி, கையில் ஒரு சம்படம் நிறையத் தேன்மிட்டாயும் கடலைமிட்டாயும் கொடுத்து, சித்தப்பா வீட்டுத் தெரு முழுவதும் அழைத்துப் போனேன். முதல் மூன்று வீடுகளில் என் பின்னால் ஒளிந்துகொண்டவள், நான்காவது வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவிடம், “எனக்கு இன்னைக்குப் பர்த்டே, எடுத்துக்கோங்க” என்று தானே நீட்டினாள். அவர் மிட்டாயை எடுத்துக்கொண்டு, மடியிலிருந்து பத்து ரூபாய் எடுத்து அவள் கையில் வைத்து, தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். தெருக்கோடி வரை அந்தப் பத்து ரூபாயை அவள் கையை விட்டு விடவில்லை.

கேக் வேண்டுமென்றால் கிரீம் அதிகமில்லாததாகப் பார்த்து, அருகில் உள்ள ஊரிலேயே, வெட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு வாங்குங்கள். அந்த வெயிலில் காரில் வைத்துத் தொலைவிலிருந்து கொண்டு வந்தால் உருகிவிடும். ரவா கேசரியைத் தட்டில் கொட்டி அழுத்தி, முந்திரியால் பெயர் எழுதி வெட்டினாலும் குழந்தை குறைப்படுவதில்லை.

வீட்டோடு இருக்கும் நாட்கள்

தினமும் எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்பதில்லை. ஒரு நாளை வற்றல் போடுவதற்கென்று ஒதுக்குங்கள். முதல் நாள் இரவே ஜவ்வரிசியை ஊற வைத்து, விடியற்காலையில் கண்ணாடி போல ஆகும்வரை வேகவிட்டு, அரைத்த பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம், கடைசியாக எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கூழாக்கி, வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடிக்குக் கொண்டு போய்விட வேண்டும். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், காய்ந்தபின் அது தூக்கலாகும். பழைய வேட்டியை விரித்து, பாட்டி பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து அளவு சொல்ல, நாங்கள் கரண்டி கரண்டியாக ஊற்றினோம். காக்கை ஓட்டும் வேலை குழந்தைகளுடையது. நடுவில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் அவர்களுக்குப் பாதி வேலை குறையும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வற்றல் கிழியாமல் உரிந்து வரும். பிறகு இன்னும் இரண்டு மூன்று நாள் தட்டில் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

அதனால் வற்றல் நாளை வாரத்தின் கடைசிக்குத் தள்ளாமல், போய்ச் சேர்ந்த மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கட்டும் முன் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். டக்கென்று ஒடிந்தால் டப்பாவில் போட்டு மூடி, துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டலாம்.