பழைய டர்ன்டேபிளுக்கு பெல்ட் மாத்தி ஸ்பீடு சரி பண்றது எப்படி

பல வருஷம் சும்மா கிடந்த ரெக்கார்ட் பிளேயரை தூசி தட்டி பிளக்ல போட்டா மோட்டார் ஓடுற சத்தம் கேக்கும் ஆனா தட்டு சுத்தாது, இல்லன்னா சுத்தும் ஆனா பாடுறவங்க பாதி தூக்கத்துல பாடுற மாதிரி இழுத்துட்டே போகும். மோட்டார் போச்சுன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. பெரும்பாலும் உள்ள இருக்குற ரப்பர் பெல்ட் தளந்திருக்கும், இல்ல உருகி தார் மாதிரி ஆகியிருக்கும்.

முதல்ல உங்களோடது பெல்ட்ல ஓடுற மாடல்தானான்னு பாத்துக்கோங்க. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி டைரக்ட் டிரைவ்ல, அதாவது மோட்டாரே நேரடியா தட்டை சுத்துற மாடல்ல, பெல்ட்டே கிடையாது. கேரார்ட் 301ல ஒரு ரப்பர் சக்கரம்தான் தட்டை தள்ளும், அதுக்கு வேற வைத்தியம்.

சரி, பிளக்கை உருவிடுங்க. ஊசியைத் தாங்குற ஆர்மை லாக் பண்ணி ஊசிக்கு மூடி போடுங்க, மூடி இல்லன்னா ஆர்ம் நுனியில ஊசி மாட்டியிருக்குற ஹெட்ஷெல்லையே கழட்டி தள்ளி வைங்க, சோம்பேறித்தனப்பட்டு ஒரு நல்ல ஊசியை சட்டைக் கையில மாட்டி வளைச்சவன் சொல்றேன். தட்டு மேல விரிச்சிருக்குற மேட்டை எடுத்துட்டு தட்டை நேரா மேல தூக்குங்க, நிறைய மாடல்ல விரல் விடுறதுக்குன்னே ஓட்டை இருக்கும். வரலன்னா முரட்டுத்தனமா இழுக்காதீங்க, நடுக் கம்பியில சின்ன கிளிப் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க.

இப்போ கிளீனிங். பஞ்சுக் குச்சியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மோட்டார் புல்லியையும் (மோட்டார் முனையில பெல்ட் மாட்டுற குட்டி சக்கரம்) தட்டுல பெல்ட் ஓடுற விளிம்பையும் பஞ்சுல கறுப்பு வராத வரைக்கும் துடைங்க. பழைய ரப்பர் பிசுக்கு புல்லியில ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குலுக்கல் குடுக்கும், நீண்ட பியானோ நோட்டு வரும்போது நடுங்குறது நல்லா தெரியும். புது பெல்ட் மேல ஆல்கஹால் படக்கூடாது, எண்ணெய்க் கையோடயும் தொடாதீங்க.

பெல்ட் வாங்குறப்போ மாடல் நம்பர் வச்சு தேடுறதுதான் சேஃப். கிடைக்கலன்னா புல்லியையும் விளிம்பையும் சேத்து நூல் சுத்தி அளந்து, அதைவிட 5 சதவீதம் போல குறைவான சுற்றளவுல வாங்குங்க. ரொம்ப டைட்டா இருந்தா மோட்டார் பேரிங் தேயும், லூசா இருந்தா வழுக்கும். ஆனா எல்லாரும் கோட்டை விடுறது தடிமன்லதான். நானும் முதல் தடவை நீளத்தை மட்டும் பாத்து வாங்கி மாட்டினேன், ரெக்கார்ட் போட்டா பாடுறவருக்கு திடீர்னு பத்து வயசு குறைஞ்சிருச்சு. கணக்கு இதுதான்: புல்லி விட்டம் 10 எம்எம், பெல்ட் தடிமன் 0.5 எம்எம்னா புல்லி 10.5 எம்எம் மாதிரி வேலை செய்யும், அதே பெல்ட் 1 எம்எம் தடிமன்னா 11 எம்எம் மாதிரி. தட்டு பெருசுங்கிறதால அந்தப் பக்கம் பெரிய வித்தியாசம் வராது, ஸ்பீடு மட்டும் கிட்டத்தட்ட 5 சதவீதம் ஏறிடும்.

மாட்டுறது சுலபம். தட்டுக்கு அடியில இருக்குற வளையத்துல பெல்ட்டை முறுக்கு விழாம போட்டு, ஓட்டைக்கு நேரா வர்ற இடத்துல ஒரு ரிப்பன் துண்டை கோத்துக்கோங்க, தட்டை இறக்கி ஓட்டை புல்லிக்கு மேல வர்ற மாதிரி திருப்பி, ரிப்பனை இழுத்து பெல்ட்டை புல்லியில மாட்டிட்டு ரிப்பனை உருவிடுங்க. கையால ஒரு 20 சுத்து சுத்துனா பெல்ட் தானா அதோட இடத்துல உக்காந்துக்கும்.

இனி ஸ்பீடு. ரெக்கார்ட் லேபிள் ஓரத்துல சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, ஊசியை இறக்கி பாட்டு ஓடும்போதே எண்ணுங்க. ரெக்கார்டோட ஸ்பீடு நிமிஷத்துக்கு 33⅓ சுத்துன்னா 3 நிமிஷத்துல சரியா 100 சுத்து, 45ன்னா ஒரு நிமிஷத்துல 45. 100 சுத்து 176 செகண்ட்லயே முடிஞ்சா 2 சதவீதத்துக்கு மேல வேகமா ஓடுதுன்னு அர்த்தம். இன்னும் துல்லியமா வேணும்னா ஸ்ட்ரோப் டிஸ்க், அதாவது சுத்தி கோடு போட்ட வட்டத் தாள், பிரிண்ட் எடுத்து தட்டு மேல வச்சுக்கோங்க, 33⅓க்கு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 180 கோடு, 60 ஹெர்ட்ஸ்ல 216. கோடு நின்ன மாதிரி தெரிஞ்சா சரி, சுத்துற திசையிலயே நகர்ந்தா வேகம் அதிகம். எல்இடி பல்ப் நிறையதுல இது தெரியாது, பழைய குண்டு பல்ப் வெளிச்சத்துல பாருங்க.

டிசி மோட்டார்னா மோட்டார் பின்பக்கமோ பாக்ஸ் அடியிலயோ ஸ்பீடு திருகு இருக்கும், மயிரிழை அளவு திருப்பிட்டு மறுபடி எண்ணுங்க. ஏசி சின்க்ரனஸ் மோட்டார்ல பொதுவா திருகு இருக்காது, அது கரண்டோட ஹெர்ட்ஸை பாத்து ஓடுது. 60 ஹெர்ட்ஸ் புல்லி போட்ட மெஷினை 50 ஹெர்ட்ஸ்ல ஓட்டினா 33⅓க்கு பதிலா 27.8தான் வரும், எந்த பெல்ட் போட்டாலும் வேலைக்காகாது, புல்லியையே மாத்தணும்.

எல்லாம் செஞ்சும் மந்தமா இருக்கா? பெல்ட்டை கழட்டிட்டு தட்டை கையால சுத்தி விடுங்க, சீக்கிரமே நின்னுட்டா நடு பேரிங் காஞ்சிருக்கு, பழைய எண்ணெயை துடைச்சுட்டு ரெண்டு சொட்டு மெல்லிசான மெஷின் ஆயில் விடுங்க. புது பெல்ட் பழகுறப்போ ஸ்பீடு கொஞ்சம் நகரலாம், அதனால ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை அந்த 100 சுத்தை எண்ணிப் பாத்துடுங்க.