வீட்டு வளவில் யாருக்கு எந்த இடம்

போன மாரிக்கு முன்னம் ஒரு விடியற்காலை, பயற்றைப் பந்தலுக்குக் கீழே சருகு உரசுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் ஆறடிச் சாரை ஒன்று. கோழி கிண்டாமல் இருக்கட்டும் என்று கீரைப் பாத்தியைச் சுற்றி நான்தான் பழைய தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலையைப் போட்டிருந்தேன். அதற்குள் தலையை நுழைத்த பாம்பு பின்னுக்கு இழுக்க இழுக்க, செதிலுக்கிடையில் தங்கூசி இறங்கி, இரண்டு இடத்தில் சதை தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது.

பக்கத்து வளவுப் பொடியன் வாவியில் வலை போடுகிறவன். அவன் வந்து ஈரச் சாக்கைத் தலையில் போட்டு அமத்திக்கொண்டு, கத்தரிக்கோலால் கண்ணி கண்ணியாக வெட்டினான். "மெல்ல மனே, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே நான் நின்றேன். அரை மணித்தியாலம் எடுத்தது. சாக்கை எடுத்த பிறகும் பாம்பு கொஞ்ச நேரம் அசையவில்லை. மறுகா மெதுவாக நெளிந்து பூவரச வேலிக்குள் போனது. அது சாரை என்று இரண்டு பேருக்கும் உறுதியாகத் தெரிந்தபடியால்தான் கிட்டப் போனோம். உங்களுக்குத் தெரியாத பாம்பென்றால் தொடவேண்டாம். இலங்கை வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

தங்கூசி வலையை அன்றைக்கே சுருட்டி எடுத்துவிட்டேன். எங்கள் கரையோரத்து வீடுகளில் பழைய வலை இல்லாத வீடு இல்லை, அதனால் தோட்டத்துக்கும் அதையே போடுகிறோம். போடத்தான் வேண்டுமென்றால் தடித்த நூல் வலையாகப் பார்த்து, கம்பு நட்டு விறைப்பாக இழுத்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். தரையில் தொய்ந்து கிடக்கிற வலைதான் பாம்பையும் ஓணானையும் கொல்கிறது. நான் இப்போது பாத்தியைச் சுற்றிக் கிளுவைக் கம்பும் தென்னை மட்டையும் நெருக்கமாக நட்டிருக்கிறேன். கோழி போகாது, தேரை போகும்.

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் வளவு என்னுடையது. இங்கே 31 வருஷம் இருந்து நான் படித்தது ஒன்றுதான். ஒரு சீவன் வீட்டுக்குள் வருகிறதென்றால் அதற்கான காரணத்தை நாம்தான் வைத்திருப்போம். மூடாத நெல், இரவில் திறந்து கிடக்கிற கோழிக்கூடு, கூரையில் ஓர் ஓட்டை, முற்றத்தில் எறிந்த சோறு. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு, அதற்கென்று வளவில் வேறு ஓர் இடத்தையும் கொடுத்தால், பெரும்பாலும் அது அங்கேயே நிற்கும். துரத்துவது மட்டும் சரிவராது, இன்றைக்குத் துரத்தினால் நாளைக்கு வரும்.

எங்கள் மரநாயைப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னம் குசினிக்கு மேலே சீலிங்கில் குடிவந்தது. இரவு 8 மணிக்கு ஓட்டம், விடியப்புறம் 4 மணிக்குத் திரும்பவும் ஓட்டம், சீலிங் பலகையில் மஞ்சள் கறை, நாற்றம். பொறி வைக்கச் சொன்னார்கள், பட்டாசு கொளுத்தச் சொன்னார்கள். நான் அடுப்புச் சாம்பலை எடுத்து, முகட்டோரம் ஓடு விலகியிருந்த இடத்தில் வளைமரம் நெடுகத் தூவினேன். அடுத்த நாள் காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் அச்சு அழகாக விழுந்திருந்தது. ஐந்து விரல், பூனையின் பாதத்தை விடக் கொஞ்சம் நீளம். போகிற வழி அதுதான், வேறு வழி இல்லை என்று தெரிந்தது.

ஆனால் உடனே அடைக்கவில்லை. பகலில் காதை வைத்துக் கேட்டேன், மெல்லிய கீச்சுச் சத்தம். குட்டி இருக்கிறது. இந்த நேரத்தில் அடைத்தால் தாய் வெளியே நின்று ஓட்டைப் பிய்க்கும், குட்டி உள்ளே கிடந்து சாகும், அந்த நாற்றம் எளிதில் போகாது. பொறுத்திருந்தேன். குட்டிகள் தாய்க்குப் பின்னால் கூரையில் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு கிழமை சாம்பலைப் பார்த்தேன். எல்லா அச்சும் வெளியே போய், விடியப்புறம் உள்ளே வருகிறது. ஓர் இரவு 9 மணிக்கு, எல்லாம் போய்விட்டதென்று டோர்ச் அடித்து உறுதிப்படுத்திக்கொண்டு, அரை அங்குலக் கம்பி வலையை வளையோடு சேர்த்து ஆணி அடித்தோம். சுவருக்கு முட்டிக்கொண்டிருந்த மாங்கொப்பையும் வெட்டினோம். அந்தக் கொப்புத்தான் அதற்கு ஏணி.

அதோடு நின்றிருந்தால் அது அடுத்த வீட்டுக் கூரைக்குப் போயிருக்கும். வளவின் பின்மூலையில் அடர்ந்த புளிய மரம் நிற்கிறது. 1978 சூறாவளியில் எங்கள் தென்னை எல்லாம் சரிந்த பிறகு அம்மா நட்ட மரம். அதன் பக்கத்திலுள்ள பப்பாசி ஒன்றில் நாங்கள் பழம் பறிப்பதில்லை. மரநாய் இப்போது அங்கேதான் திரிகிறது. பழத்தோடு எலியும் தின்கிறது.

எலி என்றவுடன் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எலி மருந்து வைக்காதீர்கள். நான் வைத்தேன். வெள்ளாமை வெட்டி நெல் மூடையை அறைக்குள் அடுக்கியிருந்த காலம். மூன்றாம் நாள் காலையில், தென்னைக்குக் கீழே வெள்ளை முகத்து ஆந்தை ஒன்று செட்டையை விரித்தபடி கிடந்தது, சொண்டோரம் இரத்தம். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு அதுதான் எளிதான இரை, எலியின் உடம்பிலுள்ள மருந்து ஆந்தைக்குள் போகும். அந்த ஆந்தையை நான்தான் கொன்றேன். இப்போது நெல் மூடி போட்ட பிளாஸ்டிக் பரல்களில் இருக்கிறது. மிஞ்சுகிற எலிக்குப் பொறி. வயல் ஊரில் எலிக்காய்ச்சல் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சாரையும் ஆந்தையும் நமக்கு வேண்டிய ஆட்கள்.

நெல்லைப் பற்றி இன்னொன்று. எல்லைப்புறத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் படுக்கிற அறையில் நெல் வைக்கவேண்டாம். யானை மணம் பிடித்துச் சுவரை இடிக்கும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடு அப்படி இடிந்திருக்கிறது. யானை வந்தால் வெளியே போய்க் கலைக்க நிற்காதீர்கள்.

விஷப்பாம்பைப் பயப்படத்தான் வேண்டும், ஆனால் பயத்தைச் சரியான இடத்தில் வைக்கவேண்டும். புடையன் (கண்ணாடி விரியன்) வயலிலும் பற்றையிலும் சருகிலும் கிடக்கும், மிதித்தால் கடிக்கும். கட்டுவிரியன் இரவில் வரும், நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவரைக் கடிக்கும். அதன் கடி வலிக்காது, அடையாளமும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்று வலி வந்து, கண் இமை விழத் தொடங்கினால் பேயென்றும் வாயுவென்றும் நினைத்து இருந்துவிடாதீர்கள். கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகுங்கள். கதவுக்குக் கீழே விரல் போகிற இடைவெளி இருந்தால் ரப்பர்த் துண்டு அடியுங்கள். இரவில் வெளியே போக டோர்ச்சும் செருப்பும் வேண்டும். விறகும் தேங்காய்ப் பொச்சும் வீட்டுச் சுவரோடு வேண்டாம், தள்ளி, கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள். எடுக்கும்போது முதலில் தடியால் தட்டுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, ஆளை நடக்கவிடாமல், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. முன்னம் இரவில் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்தோம். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தாயிற்று, பிந்துவதற்கு இப்போது காரணம் இல்லை. மரநாயோ கீரியோ கடித்தால், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, விசர்நாய்த் தடுப்பூசிக்கு அன்றைக்கே போங்கள்.

கீரி பகலில்தான் வரும். குஞ்சு பொரித்த கோழியைக் கரப்புக்குள் விடுங்கள், மேலே ஒரு கல். கூட்டை மாலை 6 மணிக்கு முன்னம் பூட்டினால் இரவில் வருபவையும் பார்த்துவிட்டுப் போய்விடும். உடும்பும் கபரக்கொய்யா என்கிற நீர் உடும்பும் முட்டைக்கு வரும். முட்டையை நேரத்தோடு எடுத்துவிடுவதுதான் மருந்து. மூலையில் மடக்காதீர்கள், வாலால் அடிக்கும். உடும்பு இறைச்சிக்கு ஆசைப்படுபவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், 1937 ஆம் ஆண்டு வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படியே அது குற்றம்.

குரங்குக்குச் சாப்பாடு கொடுக்கவே வேண்டாம். பழக்கிவிட்டு, பிறகு கல்லெறிவது பாவம்.

கச்சான் காற்று வீசுகிற வறட்சிக் காலத்தில் தண்ணீர் வையுங்கள். அகலமான மண்சட்டி, நடுவில் தண்ணீருக்கு மேலே தெரிகிற ஒரு கல். கல் இல்லாவிட்டால் தேனீயும் அணில் குஞ்சும் விழுந்து செத்துப்போகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டு, சட்டியின் உட்பக்கத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை சட்டி விளிம்பில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. காலை ஏழு மணிக்குப் புலுனிக் குருவிக் கூட்டம் வந்து சட்டிக்குள் ஒன்றையொன்று தள்ளிக் குளிக்கிறதைப் பார்த்தால் அந்த வேலை பாரமாகத் தெரியாது.

மதில் கட்டுகிறவர்கள் அடியில் இரண்டு மூன்று இடத்தில் ஒரு கல் அளவு வாய் விடுங்கள். மாரி தொடங்கியதும் பாலாமை வளவுக்கு வளவு நடக்கும். ரோட்டில் கண்டால், அது எந்தப் பக்கம் தலை வைத்திருந்ததோ அந்தப் பக்கத்துக்கே தூக்கிவிடுங்கள். கிணற்றுக்குள் விடவேண்டாம். முற்றத்தைக் கூட்டுங்கள், ஆனால் பின்மூலையில் ஓர் இடத்தைச் சருகோடு விடுங்கள். எங்கள் செண்பகம் நத்தை பொறுக்குவது அங்கேதான்.

இப்போது விறாந்தை லைட்டின் வயரில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. மூன்று முட்டை. ஸ்விட்சுக்கு மேலே டேப் ஒட்டி, "போடவேண்டாம்" என்று பேத்தி எழுதி வைத்திருக்கிறாள். குஞ்சு பறக்கும்வரை விறாந்தைக்கு அரிக்கன் லாம்புதான், பூனை இரவில் அறைக்குள்.