லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்பட்டை வலித்தால்

சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் கட்டி எடுத்தது வயிற்றில், வலித்தது என்னவோ வலது தோள்பட்டையில். பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்து படுத்ததும் என் மாமியார் கோடாரித் தைலத்தோடு வந்து நின்றார். தைலம் தேய்த்தால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் வலியின் வேர் தோளில் இல்லை.

ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைப்பார்கள். அதில் மிச்சம் இருப்பது மேலேறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அந்தத் தசைக்குப் போகும் நரம்பும் தோளுக்கு வரும் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் கிளம்புவதால், மூளை தோள்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

அதனால் முதல் வைத்தியம் படுப்பது. உட்கார்ந்தால் வாயு மேலே போகும், வலி கூடும். தட்டையாகப் படுத்தால் பலருக்குச் சட்டென்று குறையும். சாப்பிட எழுந்தோமா, முடித்ததும் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். தீவிலிருந்து பாலம் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் போகிறவர்கள் காரில் முன் இருக்கையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வையுங்கள்.

அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடக்கக் கூடாது, காலில் ரத்தம் உறையலாம். அவ்வப்போது வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடங்கள். அடுக்குமாடியின் நடைபாதை போதும், பாசார் (சந்தை) வரை வேண்டாம்.

சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றித் தோளில் வைக்கலாம். பனடோலை (பாரசிட்டமால்) வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல், மருத்துவர் சொன்ன நேரப்படி போடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கிறது, கவனம்.

அப்புறம் ஓமத் தண்ணீர். குடல் காற்றுக்கு அது நல்லதுதான், குடியுங்கள். ஆனால் இந்த வாயு குடலுக்கு வெளியே இருப்பது, ஏப்பத்தில் போகாது. ரத்தத்தில் கலந்து மூச்சோடுதான் வெளியேறும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வலி அடங்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும்.

இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள், முடிக்கும்போது வாயுவை முடிந்த அளவு வெளியேற்றிவிடும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் 999-ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.