மாலையைக் கழற்றிய மறுநாள்: பழக்கத்தை மாற்ற முனைவோர் செய்யும் தவறுகள்

கார்த்திகை முதல் நாளில் மாலை அணிந்து சபரிமலைக்கு விரதம் இருப்பவர்களில் பலர், அதுவரை ஒரு நாள்கூட விட்டிராத சிகரெட்டையும் இறைச்சியையும் மதுவையும் 41 நாட்களுக்குத் தொடாமல் இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கிறார்கள், வெறுங்காலுடன் நடக்கிறார்கள், சுள்ளென்று வரும் கோபத்தைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அதே வாரத்தில் அவர்களில் சிலர் பழையபடி பெட்டிக்கடை வாசலில் நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் 41 நாட்கள் கைகூடிய ஒன்று 42ஆம் நாள் ஏன் கைகூடாமல் போகிறது என்று யோசித்துப் பார்த்தால், பழக்கத்தை மாற்ற நினைக்கும் எவருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

மன உறுதி தளர்ந்துவிட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விடை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரத நாட்களில் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பவை பல: கறுப்பு வேட்டியும் கழுத்து மணியும் அவரை ஊருக்கு அடையாளம் காட்டுகின்றன, தெருவில் சிறுவர் முதல் பெரியவர் வரை ‘சாமி’ என்று அழைக்கிறார்கள், வீட்டில் சமையல் மாறிவிடுகிறது, மாலை வேளையைப் பூஜையும் பஜனையும் எடுத்துக்கொள்கின்றன, சேர்ந்து குடிக்கும் நண்பர்களே அவரைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். மாலையைக் கழற்றும்போது இவை அனைத்தும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. பழைய கடையும் பழைய நேரமும் பழைய கூட்டமும் அப்படியே காத்திருக்கின்றன. மனத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, அது உலவும் இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் விட்டுவிடுவதுதான் இந்த முயற்சியில் நேரும் பெரிய தவறு. மயான வைராக்கியம் வீட்டுக்கு வந்து குளித்ததும் கரைந்துவிடுகிறது என்று நாம் அந்த வைராக்கியத்தையே குறை சொல்கிறோம்; வீட்டில் எதுவும் மாறவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இடத்துக்கு எவ்வளவு பிடி உண்டு என்பதை அமெரிக்காவில் பணியாற்றும் உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வேடிக்கையாகவே காட்டியது. திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னும் சிலருக்கு ஏழு நாள் பழைய பாப்கார்னும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் கொறிக்கும் பழக்கம் உள்ளவர்கள், பழையது தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னபோதிலும், புதியதைத் தின்ற அளவுக்கே அதையும் தின்றார்கள். திரையரங்குக்குப் பதிலாகக் கூட்ட அறை ஒன்றில் அமர்த்தியபோதும், வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் அந்த இயந்திரத்தனம் குலைந்தது. இங்கே நாக்கின் ஆசைக்கு வேலையே இல்லை. இருட்டும் இருக்கையும் திரையும் கையை ஓட்டின. ஆகவே இரவில் கைப்பேசியோடு விழித்திருப்பவர் இனிப் பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுப்பதைவிட, சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றி, விழிப்பதற்கு ஒரு கடிகாரம் வாங்கி வைப்பது மேல். மிக்சர் டப்பா சமையல் மேடையில் கண்முன் இருக்கும் வீட்டில் கொறிப்பதைக் குறைக்கப் போகிறேன் என்பவரை நான் நம்புவதில்லை, நான் உட்பட.

அடுத்தது, நாள் கணக்கை நம்புவது. 21 நாட்கள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கூற்றை மேடைப் பேச்சாளர்கள் முதல் வாட்ஸ்அப் செய்திகள் வரை எங்கும் காணலாம். இதன் வேரைத் தேடினால் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவரிடம் போய் நிற்போம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கள் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாட்களாவது ஆகின்றன என்று அவர் 1960இல் எழுதினார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பழகுவது பற்றிய அந்தக் குறிப்பு, ‘குறைந்தது’ என்ற சொல்லை வழியில் தவறவிட்டு, அதிகாலை ஓட்டத்துக்கும் சர்க்கரையை விடுவதற்கும் விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரின் தலைமையில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், 96 பேர் ஆளுக்கொரு சிறிய செயலைத் தேர்ந்தெடுத்து 12 வாரங்கள் நாள்தோறும் செய்துபார்த்தார்கள். அந்தச் செயல் யோசனையில்லாமல் தானாக நிகழும் நிலையை எட்ட இடைநிலைக் கணக்கில் 66 நாட்கள் தேவைப்பட்டன; ஆளையும் செயலையும் பொறுத்து இது 18 நாட்களிலிருந்து, கணக்கிட்டுப் பார்த்த அளவில், 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் படிந்தன, உடற்பயிற்சி மெதுவாகவே படிந்தது. 22ஆம் நாள் காலையில் எழ மனமில்லாமல் புரண்டு படுப்பவர் தன்னிடம் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொள்கிறார். அவர் கையில் கொடுக்கப்பட்ட கணக்குதான் கோளாறானது.

இதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் படிவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை. ஆனால் நடைமுறையில் நாம் என்ன செய்கிறோம்? பத்து நாட்கள் இனிப்பைத் தொடாதவர், பதினோராம் நாள் ஒரு கல்யாண வீட்டில் ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிட்டுவிட்டு, முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்று மூன்றாவது துண்டையும் எடுக்கிறார். கெடுதல் செய்வது அந்த முதல் துண்டு அல்ல. விரதம் முறிந்தால் முறிந்ததுதான் என்ற கணக்கைச் சமய நெறியிலிருந்து எடுத்துப் பழக்கத்தின் மேல் பொருத்துவதால் வரும் வினை இது. விரதத்துக்குப் பங்கம் உண்டு. பழக்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

உறுதிமொழியை உருவமில்லாமல் விட்டுவிடுவதும் பரவலான தவறு. ‘இனி உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்பதில் எப்போது, எங்கே, எதற்குப் பின் என்ற எதுவும் இல்லை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து செய்துவந்த ஆய்வுகள், ‘இது நேரும்போது இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே எண்ணம் கொண்டவர்களைவிட அதை நிறைவேற்றுவது அதிகம் என்று காட்டின. முடிச்சுப் போட நம் வீடுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும் வரை சும்மா நிற்கும் பத்து நிமிடங்களில் மாடிப்படி ஏறி இறங்குவேன் என்று வைத்துக்கொண்டால், மோட்டார் சத்தமே நினைவூட்டிவிடும். ஐந்து பழக்கங்களை ஒரே தேதியில் தொடங்குபவர்களுக்கும் இதையே சொல்லலாம்: ஒன்று படியட்டும், மற்றவை பிறகு.

எல்லாவற்றையும் பழக்கம் என்ற ஒரே பெட்டிக்குள் போடுவதுதான் ஆபத்தான தவறு. புகையிலையிலும் மதுவிலும் உடலும் அடிமைப்பட்டிருக்கிறது. புகையிலையை விட உதவும் 1800 11 2356 என்ற கட்டணமில்லாத எண், இந்தியாவில் விற்கும் பொட்டலங்களின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களிலேயே கைநடுக்கமும் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. விரதத்துக்காக நிறுத்த நினைப்பவருக்கும் இது பொருந்தும் என்பதால், அப்படிப்பட்டவர் மாலை அணியும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.