ஐடி எண்கள் தீர்ந்துபோகும் முன்

தரவுத்தளத்தில் தானாகக் கூடிச்செல்லும் ஐடியைச் சாதாரண இன்டீஜராக (32 பிட் முழு எண்ணாக) வைத்திருந்தால், 2,147,483,647 என்ற எண்ணுக்கு மேல் அது நகராது. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் சேவையின் ஓர் அட்டவணை இந்த எல்லையைத் தொட்டபோது, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பயனர்களால் பழையதைப் படிக்க முடிந்ததே தவிர, புதிதாக எதையும் பதிய முடியவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை வரிசைகள் உள்ளன என்பதை அல்ல. அடுத்த ஐடியைத் தரும் கவுண்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்பதையே. ரோல்பேக் ஆன (பாதியில் கைவிடப்பட்ட) இன்செர்ட்டுகள், அதாவது புதிய வரிசைப் பதிவுகள், எடுத்த எண்ணைத் திருப்பித் தருவதில்லை என்பதால், சில கோடி வரிசைகளே உள்ள அட்டவணையிலும் கவுண்டர் 200 கோடியைத் தாண்டியிருக்கக்கூடும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இந்தக் கவுண்டரின் பெயர் சீக்வென்ஸ்; பிஜி_சீக்வென்சஸ் என்ற வியூ அதன் நிலையைக் காட்டும். பாதி எண்கள் செலவானதுமே மாற்றத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

சிறிய அட்டவணை என்றால், நெடுவரிசையின் வகையை நேரடியாக பிக்இன்ட் (64 பிட் முழு எண்) என்று மாற்றிவிடலாம். பெரிய அட்டவணையில் அப்படிச் செய்யவே கூடாது: போஸ்ட்கிரெஸ் அட்டவணை முழுவதையும் திரும்ப எழுதும், அது முடியும்வரை படிப்பதும் தடைபடும். அதற்குப் பதிலாக பிக்இன்ட் வகையில் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, புதிதாக வரும் வரிசைகளின் ஐடியை அதிலும் எழுத ஒரு ட்ரிகர் (தானாக இயங்கும் நிரல்) வைத்து, பழைய வரிசைகளைச் சில ஆயிரங்களாகப் பிரித்து நிரப்ப வேண்டும். அதன்மேல் யுனிக் இண்டெக்ஸை (ஒரே எண் இருமுறை வராமல் காப்பது), எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி முறையில் உருவாக்கிய பின், முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே சிறிய டிரான்சாக்‌ஷனில் இரண்டு நெடுவரிசைகளின் பெயர்களையும் மாற்றி, பிரைமரி கீயை (வரிசையை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியை) புதியதற்கு நகர்த்தலாம்.

பலரும் தவறவிடுவது சீக்வென்ஸை. சீரியல் என்ற, தானாகக் கூடும் இன்டீஜர் வகையோடு உருவான சீக்வென்ஸ், நெடுவரிசை பிக்இன்ட் ஆன பிறகும் இன்டீஜராகவே இருக்கும்; அதைத் தனியாக மாற்றாவிட்டால் பழைய எல்லையிலேயே இன்செர்ட் தோற்கும். அதன் உரிமையும் பழைய நெடுவரிசையிடமே இருப்பதால், அந்த நெடுவரிசையை நீக்குவதற்கு முன் உரிமையைப் புதியதற்கு மாற்றிவிட வேண்டும். இந்த ஐடியைச் சுட்டும் ஃபாரின் கீ நெடுவரிசைகள் அனைத்தையும், கவுண்டர் எல்லையைக் கடக்கும் முன்பே பிக்இன்டாக அகலப்படுத்துவதும் கட்டாயம்.

காலம் கைமீறிவிட்டால், சீக்வென்ஸின் கீழெல்லையைத் தளர்த்தி, −2,147,483,648 இலிருந்து எண்ணத் தொடங்கச் செய்யலாம். இது அவகாசம் வாங்கித் தரும் வழி மட்டுமே. ஐடியை வைத்துப் புதியவற்றை முதலில் காட்டும் பக்கங்கள் எல்லாம் அன்றே குழம்பிவிடும் என்பதால், அவற்றைப் பதிவான நேரத்தின்படி வரிசைப்படுத்திய பிறகே இதில் இறங்க வேண்டும்.