அமெரிக்க முன்னாள் படைவீரர் கல்லறைக் கல்: இலவசம் எங்கே முடிகிறது?

நியூ ஜெர்சியில் ஒரு நினைவுக்கல் கடையில் வேலை பார்க்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறுப்புக் கல் இங்கே நிறைய வந்து இறங்குகிறது, அந்த வழியாகத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். கடையில் புதிதாகச் சேரும் பையன்களிடம் படைவீரர் குடும்பத்தின் ஃபைல் ஒன்றைக் கொடுத்தால், ஆரம்பத்தில் நான் இடறி விழுந்த அதே இடங்களில் வரிசை மாறாமல் விழுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். படையிலிருந்து விடுவித்ததற்கான டிடி-214 சான்றிதழின் நகல் வேண்டும், பெயரில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது என்பதெல்லாம் படிவத்திலேயே இருக்கிறது, அதற்குள் போகப்போவதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். தகுதியுள்ள முன்னாள் படைவீரரைத் தனியார் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தாலும், வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முன்னாள் படைவீரர் நலத்துறை ஒரு கல்லைச் செய்து, தன் செலவிலேயே அனுப்பியும் வைக்கும். தனியார் இடுகாடுகளில் அடையாளமில்லாமல் கிடந்த வீரர்களின் குழிகளுக்கும் அரசுக் கல் தரலாம் என்று 1879-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் லாரியிலிருந்து கல் இறங்குவதோடு அரசாங்கத்தின் செலவு முடிந்தது. மண்ணில் பதிப்பது குடும்பத்தின் பாடு. கல் கேட்டு விண்ணப்பிக்கும் 40-1330 படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்திலேயே, அரசுக்குச் செலவில்லாமல் பதித்துக்கொள்வோம் என்று உறுதி சொல்லும் வரி ஒன்று உண்டு. சாவு வீட்டில் யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

பதிப்புக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பையன் கல்லறை ஆபீசுக்குப் போன் போடுவான், "செட்டிங் ஃபீஸ் எவ்வளவு?" என்பான், அவர்கள் ஒரு தொகையைச் சொல்வார்கள், அதை ஃபைல் அட்டைமேல் எழுதி வட்டம் போட்டு வைப்பான். குடும்பத்துக்கும் அதையே சொல்லிவிடுவான். ஆபீசில் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கொரியப் போருக்குப் போய்வந்த ஒருவரின் மகள் எங்கள் கடைக்கு வந்தார். அப்பாவைப் புதைத்த இடம் புல்வெளித் தோட்டம், மேலே புல்வெட்டும் வண்டி ஓட வேண்டும், அதனால் நிமிர்ந்து நிற்கும் கல் அங்கே கூடாது, தரையோடு படிந்த வெண்கலத் தகடு மட்டும்தான். சரி, வி.ஏ. வெண்கலத் தகடும் தருகிறதே என்று எழுதிப் போட்டோம். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், ஏறக்குறைய 18 பவுண்டு எடை. தகட்டோடு போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் வரும். அந்தப் போல்ட்டை எதில் முறுக்குவது? அடிக்கல்லில். அடிக்கல்லை வி.ஏ. தருவதில்லை.

இங்கேதான் பில் வீங்க ஆரம்பித்தது. அடிக்கல் கருங்கல்லாகத்தான் இருக்க வேண்டும், தகட்டைச் சுற்றி இவ்வளவு விளிம்பு விட வேண்டும், நிறம் இதுதான், எங்களிடமே வாங்க வேண்டும் என்றது நிர்வாகம். அப்புறம் குழியை அளந்து குறி வைக்க ஒரு தொகை. அப்புறம் நிரந்தரப் பராமரிப்பு நிதிக்கு, கல்லின் பரப்பைச் சதுர அங்குலத்தில் கணக்குப் போட்டு இன்னொரு தொகை. போனில் சொன்ன பதிப்புக் கட்டணம் அந்தத் தாளில் சொன்னபடியேதான் இருந்தது, ஆனால் இருந்ததிலேயே சின்ன வரி அதுதான். அந்த அம்மாவிடம் அப்போது பணமில்லை. அரசாங்கம் கொடுத்த தகடு பெட்டி பிரிக்காமல் தோட்டத்து ஷெட்டில், புல்வெட்டும் வண்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. பையன் என்னிடம் வந்து, "அண்ணா, ஃப்ரீன்னு சொல்லிட்டேனே" என்றான்.

கட்டணமே வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புல்லைச் சதுரமாக வெட்டி எடுத்து, மண்ணை இறுக்கி, சரளை போட்டு, மட்டம் பார்த்து உட்காரவைக்க இரண்டு ஆள் வேண்டும், இரண்டு வருஷத்தில் மண் தாழ்ந்து ஒரு மூலை அமுங்கினால் தூக்கி மறுபடி வைக்க வேண்டும். அதற்குக் காசு நியாயம். அதே அளவுக் கல்லுக்கு மற்றவர்களிடம் வாங்காத தொகையை வி.ஏ. கல் என்றதும் வாங்குவதுதான் அநியாயம், எங்களிடம் கல் வாங்கவில்லையா, சரி, வேறு வரியில் வசூலிக்கிறோம் என்கிற புத்தி.

கட்டணத்துக்கு உச்சவரம்பு கேட்டு மனு எழுதுகிறவர்களும், ஒரே வரியை மட்டும் பார்க்கும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். பதிப்புக் கட்டணம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரே ஒரு வரியைச் சட்டத்தில் எழுதினால், அந்தப் பணம் அடிக்கல்லுக்கோ மேற்பார்வைக்கோ நகர்ந்துவிடும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். நியூயார்க்கில் செய்திருப்பது பரவாயில்லை: மாநிலக் கல்லறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தோட்டங்கள் தங்கள் கட்டணங்களுக்கு வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கோயில், சர்ச் சார்ந்தவையும் நகராட்சி இடுகாடுகளும் அந்த வலைக்கு வெளியே. புளோரிடா வேறு வழியில் போனது. வெளியாளிடம் வாங்கி வெளியாளே பதிக்கும் கல்லுக்குக் கல்லறை நிறுவனம் பதிப்புக் கட்டணம் போடக் கூடாது என்று எழுதிவைத்தது. நிலத்தை விற்றுவிட்டு, கல்லுக்கான அடித்தள வேலையும் எங்களுக்குத்தான் என்று கட்டிப்போட்ட செயின்ட் லூயிஸ் பக்கத்து வழக்கு ஒன்றில், 1981-இல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நினைவுக்கல் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆக, வெளியாள் பதிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அதைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்த விதியின்படி என்று கேளுங்கள்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "வி.ஏ. அனுப்பும் 24-க்கு 12 வெண்கலத் தகடு, உங்கள் தோட்டத்தில் புல் மட்டத்தில் உட்கார்ந்து முடியும்வரை குடும்பம் மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும்? எழுத்தில் அனுப்புங்கள்." கூடவே, தட்டையான கருங்கல்லுக்கு அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். வி.ஏ. அதையும் தருகிறது, 4 அங்குலக் கனம், 130 பவுண்டு வரும், நேராக மண்ணில் உட்காரும், அடிக்கல் செலவே பெரும்பாலும் மிச்சம். இதையெல்லாம் நிலம் வாங்கும் முன்னால் கேட்டால் இன்னும் நல்லது. உடலைப் புதைத்த பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது, அது அவர்களுக்கும் தெரியும்.

ஃபியூனரல் ரூல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது

1984-இல் அமலுக்கு வந்த அந்த மத்திய விதி, இறுதிச்சடங்கு நிலையங்கள் விலையைப் பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது. நிலமும் கல்லும் மட்டும் விற்கும் கல்லறைத் தோட்டம் அதில் அடங்காது. போனில் அந்த விதியைச் சொல்லி மிரட்டின பையன் ஒருவன் உண்டு, எதிர்முனையில் சிரித்துவிட்டார்கள். கல்லறை விஷயத்தில் உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் மாநிலச் சட்டம்தான், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

கல்லை வீட்டுக்கு வரவழைப்பது

வராது. கல்லைப் பெற்றுக்கொள்ளக் கல்லறையோ கடையோ சடங்கு நிலையமோ படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

டிசம்பரில் தேதி குறிப்பது

மண் உறைந்து கிடக்கும். மார்ச்சுக்கு மேல் பேசுங்கள்.

ஏற்கெனவே கல் இருக்கும் குழிக்கு இன்னொரு கல் கேட்பது

மனைவி முன்பே இறந்து, குடும்பம் இரட்டைப் பெயர் போட்ட பெரிய கல்லை நட்டிருக்கும். அதற்கு முன்னால் வி.ஏ. தகடு ஒன்றையும் வைக்க ஆசைப்படுவார்கள். ஒரு குழிக்கு ஒரு கல் என்று விதி வைத்திருக்கும் தோட்டங்கள் பல. அங்கே 40-1330எம் படிவம் போட்டு வெண்கலப் பதக்கம் வாங்குங்கள். மூன்று அளவில் வரும், இருக்கிற கல்லிலேயே ஒட்டிவிடலாம். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, பதக்கம் வாங்கினால் அந்த வீரருக்கு அரசுக் கல் கிடையாது, இரண்டில் ஒன்றுதான். இன்னொன்று, ஒட்டுகிற கூலியும் குடும்பத்தின் தலையில்தான். பதக்கம் ஒட்டத் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டே படிவத்தை அனுப்புங்கள், நாங்கள் பசை தடவப் போன இடத்தில் அனுமதிச் சீட்டு கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

அரசுக் கல்லறைகளைப் பற்றிப் பேசாமலே விடுவது

கடைக்காரன் வாயால் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு ஆகாது, இருந்தாலும் சொல்கிறேன். குடும்பம் இன்னும் நிலம் வாங்கவில்லை என்றால், லாங் ஐலண்டில் கால்வெர்டன் தேசியக் கல்லறை இருக்கிறது. நிலம், குழி வெட்டி மூடுவது, கல், பதிப்பு, பராமரிப்பு எதற்கும் காசு கிடையாது, மனைவிக்கோ கணவருக்கோ இடமும் உண்டு. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு ஆர்னிடவுனில் மாநிலம் நடத்தும் டாயில் படைவீரர் கல்லறை 1986-லிருந்து இருக்கிறது. தூரம் என்று குடும்பம் வேண்டாம் என்றால் அது அவர்கள் விருப்பம். ஆனால் எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் பேனாவைத் திறங்கள்.