ஜிமெயிலுக்கு இரண்டாவது பூட்டு போடுவது எப்படி?

நம் டெல்டா கிராமங்களில் பாதி ஜிமெயில் கணக்குகள் பிறந்த இடம் மொபைல் கடைதான். மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ புதுப் போன் வாங்கப் போனால், கடையில் இருக்கும் தம்பியே கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் தானே வைத்து, போன் பெட்டியின் மேல் பேனாவால் எழுதித் தந்துவிடுவார். பிறகு அதே கணக்கில்தான் மகளின் கல்லூரி விண்ணப்பமும், சிங்கப்பூர் வேலைக்கு அனுப்பிய பாஸ்போர்ட் நகலும், பட்டாவும், வங்கிக் கடிதங்களும் வந்து சேர்கின்றன.

கடவுச்சொல் வெளியே போய்விட்டாலும் கணக்கு திறக்கக் கூடாது. கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்துவைப்பார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான் இதுவும். ஒரு சாவி உங்கள் நினைவில் இருக்கும் கடவுச்சொல். இன்னொன்று உங்கள் கையில் இருக்கும் போன். கூகுள் 2011-லிருந்தே எல்லோருக்கும் இலவசமாகத் தரும் வசதி இது. தமிழில் அமைத்த போனில் ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்றோ அதை ஒட்டிய பெயரிலோ இருக்கும்.

முதலில் வீட்டைப் பெருக்குங்கள்

ஜிமெயிலைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொடுங்கள். கூகுள் கணக்குக்குள் போய், ‘பாதுகாப்பு’ பகுதியைத் திறவுங்கள். அங்கே மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் என்று இரண்டு இருக்கும். கடைத் தம்பியின் எண்ணோ, எப்போதோ தூக்கிப்போட்ட பழைய எண்ணோ அங்கே உட்கார்ந்திருந்தால் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் இரண்டாவது பூட்டுப் போடுவதில் அர்த்தமில்லை.

அடுத்து கடவுச்சொல். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து எழுதுங்கள். அதே பக்கத்தில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலையும் பாருங்கள். அறியாத போனோ கணினியோ இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

பூட்டைப் போடுதல்

பாதுகாப்புப் பக்கத்திலேயே இருபடிச் சரிபார்ப்பைத் தொடுங்கள். கடவுச்சொல்லை மறுபடி கேட்கும், கொடுங்கள். மொபைல் எண்ணைக் கொடுத்தால் எஸ்.எம்.எஸ். வழியாக ஒரு குறியீடு வரும். அதை உள்ளிட்டு இயக்குங்கள். இனிப் புதிய சாதனத்தில் யார் நுழைய முயன்றாலும், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்று கேட்கப்படும்.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். நம் பக்கத்தில் எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து. தெருவுக்கு நான்கு பேர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். போன பிறகு ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் இணைப்புத் துண்டிக்கப்படும். சில காலம் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் குறியீடும் அவருக்கே போகும். மோசடிக்காரர்கள் உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிடும் வழக்கமும் உண்டு. இன்னொன்று, டவர் இல்லாவிட்டால் எஸ்.எம்.எஸ். வராது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு, மின்சாரமும் போனும் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்த ஊர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறியீடு தரும் செயலி

பிளே ஸ்டோரில் ‘கூகுள் அதென்டிகேட்டர்’ என்று தேடி நிறுவுங்கள், காசு கிடையாது. பிறகு இருபடிச் சரிபார்ப்புப் பக்கத்தில் அதென்டிகேட்டரைச் சேர்க்கும் பகுதிக்குப் போனால், திரையில் கியூ.ஆர். கட்டம் தோன்றும். புதியவர்கள் திணறும் இடம் இதுதான். ஒரே போனை வைத்துக்கொண்டு அதே போனின் திரையை எப்படிப் படம்பிடிப்பது? கட்டத்துக்குக் கீழே, ஸ்கேன் செய்ய முடியாதவர்களுக்கு என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் நீளமான எழுத்து வரிசை வரும், அதுதான் ரகசிய விசை. அதை நகலெடுத்து, செயலியில் கூட்டல் குறியைத் தொட்டு, விசையைக் கையால் உள்ளிடும் வழியில் ஒட்டுங்கள். உடனே ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். 30 விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதைக் கூகுள் பக்கத்தில் உள்ளிட்டால் முடிந்தது.

அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை. ரகசிய விசையையும் போனின் கடிகாரத்தையும் வைத்துச் செயலியே கணக்கிடுகிறது. அதனால் இணையமோ டவரோ தேவையில்லை. கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குப் போனதும் சிலர் கடிகாரத்தைக் கையால் இரண்டரை மணி நேரம் தள்ளிவைப்பார்கள். அப்படிச் செய்தால் குறியீடு செல்லாது. நேரத்தைத் தானியங்கியாக விட்டுவிடுங்கள், அது தானே மாறிக்கொள்ளும்.

தாளில் பத்து எண்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு இதுதான் மிக முக்கியமானது. போன் தொலைந்தாலோ, வாய்க்காலில் விழுந்தாலோ, இரண்டாவது சாவி அதோடு போய்விடும். அதற்காகக் கூகுள் காப்புக் குறியீடுகள் என்று பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்தது. புதிதாகப் பத்து வாங்கினால் பழையவை செல்லாது.

அவற்றைத் தாளில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் வைத்தால், போனோடு அதுவும் போகும். ஜிமெயிலிலேயே அனுப்பிவைப்பது வீட்டுக்குள் சாவியை வைத்துக் கதவைச் சாத்துவதுதான். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ரேஷன் அட்டையோடோ நிலப் பத்திரத்தோடோ வையுங்கள், மழை வெள்ளத்துக்கும் தாங்கும். வெளிநாடு போகிறவர் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோகட்டும். எழுதிய பின், வேறொரு சாதனத்தில் ஓர் எண்ணைப் போட்டு நுழைந்து பாருங்கள். பிறகு அதை அடித்துவிடுங்கள்.

இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ நுழையும்போது, ‘இந்தச் சாதனத்தில் மீண்டும் கேட்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் வெளியேறுங்கள்.

நீங்கள் எதுவும் செய்யாதபோது ‘நுழைய முயல்வது நீங்கள்தானா?’ என்று போன் கேட்டால், ‘இல்லை’ என்று அழுத்திவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அது ஏற்கெனவே யாருக்கோ தெரிந்திருக்கலாம். பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்திருக்கிறது, குறியீட்டைச் சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால், அவர் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் இணைப்பைத் துண்டியுங்கள். சொல்லிவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால், வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.